சூப்பர்மேனுக்குப் பவர் ஏறிடுச்சா?

"பவர் ஏறிடுச்சா சார்?"

திருப்பாதிரிப்புலியூரில் கண் பரிசோதனை அறையும் அதை ஒட்டிச் சின்னதாகக் கண்ணாடிக் கடையும் வைத்திருக்கும் என்னிடம் நாள் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. எங்கள் தொழிலில் பவர் என்பது விசித்திரமான சொல். வெளியே பவர் உள்ளவனைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்குப் பவர் இருக்கிறது என்றால் பெற்ற தாய் கண் கலங்குகிறாள். "ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டில் டிவி ரிமோட் காணாமல் போய்விடும்.

பவர் ஏறிப்போச்சு என்று ஊரே குறை சொல்கிற இன்னொருவர் சூப்பர்மேன். அவரைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம் ஒரு பையன்.

போன வருடம் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் கண் பரிசோதனை முகாம். சுவரில் எழுத்து சார்ட், அதிலிருந்து ஆறு மீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸ் கோடு. பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருப்பவன் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் பாதியில் நான் வேறு சார்ட்டை மாட்டிவிடுவது வழக்கம். அன்றும் மாட்டினேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். இடது கண்ணை மூடச் சொன்னேன். வலது கண்ணால் கடைசி வரி வரை தடையில்லாமல் படித்தான். வலதை மூடி இடதால் படிக்கச் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஈ... எஃப், பி... டி, ஓ, இசட்..." என்று கணீரென்று ஒப்பித்தான். ஓர் எழுத்துகூடத் தவறில்லை. ஆனால் அதெல்லாம் நான் கழற்றி மேசைமேல் வைத்திருந்த பழைய சார்ட்டின் எழுத்துகள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1942-இல் செய்தித்தாளில் வந்த சூப்பர்மேன் படக்கதையில் அச்சாக இதே காட்சி உண்டு. போர்க்காலம். சூப்பர்மேன் கண்ணாடி மாட்டிக்கொண்டு சாதாரண நிருபராக நடமாடும்போது அவர் பெயர் கிளார்க் கென்ட். அந்தக் கென்ட் ராணுவத்தில் சேரப் போகிறார். கண் பரிசோதனையில் ஆர்வக் கோளாறில் எக்ஸ்ரே பார்வை வேலை செய்துவிட, எதிரே இருக்கும் சார்ட்டை விட்டுவிட்டு அடுத்த அறையில் மாட்டியிருக்கும் சார்ட்டைப் படித்துவிடுகிறார். கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உலகத்திலேயே கூர்மையான கண் தேர்வில் ஃபெயில்!

பையனுக்குச் சிரிப்பில்லை. முகம் தொங்கிவிட்டது. இடது கண்ணில் அவன் உண்மையாகப் படித்தது மேலிருந்து இரண்டே வரி. எங்கள் கணக்கில் 6/36; நல்ல கண் 36 மீட்டர் தள்ளிப் படிப்பதை இவன் 6 மீட்டரில்தான் படிக்கிறான்.

சனிக்கிழமை மாலை அவனுடைய அம்மா, ஆயா, பாண்டிச்சேரியில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கும் பெரியம்மா பையன் என்று ஒரு படையே கடைக்கு வந்தது. பையன் மார்பில் எஸ் போட்ட நீல டிஷர்ட். விசாரித்தால், முந்தைய வருடமே வேறோர் இடத்தில் கண்ணாடி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் போட்டிருக்கிறான். "சோடாபுட்டி" என்று வகுப்பில் ஆரம்பித்ததும் அது காம்பஸ் பெட்டிக்குள் போய்விட்டது. ஏன் போடலை என்று கேட்டேன்.

"சூப்பர்மேனே கண்ணாடியக் கழட்டுனாத்தான் சார் பறப்பாரு."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அண்ணன்காரன் முந்திக்கொண்டான். "டேய், அவரே ஒரு வேஸ்ட்டு" என்று தொடங்கி அவன் அடுக்கிய குற்றச்சாட்டுகள் காமிக்ஸ் படிக்கிறவர்கள் பல வருடமாகச் சொல்வதுதான். குண்டு துளைக்காது, நெருப்பு சுடாது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஜெயிக்கப்போவது தெரிந்த மேட்சை எதற்குப் பார்க்க வேண்டும்? கதாசிரியர் மாட்டிக்கொண்டால் அவசரத்துக்கு ஒரு புதுச் சக்தி முளைக்கும். 1978 படத்தில் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்புவார். இவரை அடக்க வழியில்லாமல் கிரிப்டோனைட் என்று ஒரு பச்சைக் கல்லைக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஊரிலுள்ள திருடன் கையிலெல்லாம் அந்தக் கல். ஆளும் ரொம்ப நல்லவர், ஒரு கெட்ட எண்ணம்கூட இல்லாத பாட்டுவாத்தியார் மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கண்ணாடி. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் லோயிஸ் லேன், பெரிய நிருபர், ஒரு ஃப்ரேமைப் பார்த்து ஏமாந்துபோகிறாராம்!

பவர் பற்றிய புகார் நியாயமானதுதான். 1938-இல் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கியபோது சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. தாவுவார், எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது 200 மீட்டர். எங்கள் கெடிலம் ஆற்றைத் தாண்டியிருப்பார், அதற்குமேல் பஸ் பிடிக்க வேண்டியதுதான். வெடிக்கும் பீரங்கிக் குண்டு அவர் தோலைக் கிழித்துவிடும் என்றுதான் முதல் கதையே சொல்கிறது. அவர் எதிர்த்ததும் வேற்றுக்கிரகப் பூதங்களை அல்ல. மனைவியை அடிக்கிறவன், லஞ்சத்துக்கு விலைபோன அரசியல்வாதி, பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளியை இறக்கும் முதலாளி. நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த சூப்பர்மேனை நன்றாகவே புரியும். அப்புறம் வருடத்துக்கு வருடம் பவர் ஏறி, கிரகங்களைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு வந்து, 1986-இல் ஜான் பைர்ன் என்ற காமிக்ஸ் எழுத்தாளர் உட்கார்ந்து குறைத்து எழுத வேண்டியதாயிற்று. எங்கள் பாஷையில் ஓவர் கரெக்‌ஷன். நம்பரை ஏற்றி எழுதிவிட்டால் தலைவலிதான் வரும்.

ஆனால் "யாரும் ஒன்றும் செய்ய முடியாதவன் கதை போர்" என்பதை அந்த ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அப்பர் சாமிய நீத்தறையில போட்டாங்க, வேகல. நஞ்சு குடுத்தாங்க, சாவல. யானைய ஏவுனாங்க, அது சுத்தி வந்து கும்புட்டுச்சு. கல்லக் கட்டிக் கடல்ல தள்ளுனாங்க, மெதந்து நம்ம ஊர்லதான கரையேறுனாரு. அது உனக்கு போரடிச்சுதா?" என்றார். கரையேறவிட்ட குப்பம் என்று கடலூரில் ஒரு ஊரே இருக்கிறது. பேரனால் என்ன பேச முடியும்? நான் ஒன்று மட்டும் சேர்த்தேன்: அதே அப்பரைத்தான் அதற்கு முன்பு ஒரு வயிற்றுவலி சுருட்டிப்போட்டது. 1978 படத்திலும் வளர்த்த அப்பா மாரடைப்பில் விழும்போது இளம் கென்டின் சக்தி ஒன்றுக்கும் உதவாது. எனக்கு அந்தப் படத்தில் மறக்காத இடம் அதுதான். பூமியைச் சுற்றுவது எனக்கும் பிடிக்காது.

இனி என் ஏரியா, கண்ணாடி.

"ஒரு கண்ணாடியை வைத்து ஊரை எப்படி ஏமாற்ற முடியும்" என்று சிரிக்கிறவர்களுக்குக் கண்ணாடிக்காரனாக ஒன்று சொல்கிறேன். தாராளமாக ஏமாற்றலாம். நான் மைனஸ் 5 போடுகிறவன். சில்வர் பீச்சில் கால் நனைக்கப் போகும்போது கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். பத்து வருடமாக என்னிடம் வருகிறவர் அங்கே எதிரே வந்து, "எங்கியோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். காரணம் எளிது. மைனஸ் லென்ஸ் கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். கன்னத்தின் ஓரமே லென்ஸுக்குள் உள்வாங்கித் தெரியும். பிளஸ் லென்ஸ் கண்ணைப் பெரிதாக்கும். கழற்றினால் முகம் நிஜமாகவே வேறு முகம்.

சூப்பர்மேன் விஷயத்தில் என் தொழில்முறைப் புகார் வேறு. அவர் கண்ணாடிக்குப் பின்னால் கன்னத்து ஓரம் இம்மியும் நகர்வதில்லை. பிளெயின் கிளாஸ். உலகத்திலேயே பவர் அதிகமுள்ள மனிதரின் கண்ணாடியில் பவரே கிடையாது. கண்ணிலிருந்து கிளம்பும் வெப்பத்தில் உருகாமலிருக்க, அவரைக் கொண்டுவந்த விண்கலத்தின் கண்ணாடியில் செய்த லென்ஸ் என்று பிறகு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அந்த லென்ஸ் வழியாக அவர் எல்லோரையும் வசியம் செய்கிறார் என்று 1978-இல் ஒரு கதையே வந்தது. தேவையே இல்லை. கொஞ்சம் மைனஸ் 6 போட்டிருந்தால் லோயிஸ் லேன் மேல் யாரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள்.

விமர்சகர்கள் யாரும் பெரிதாகச் சொல்லாத குற்றத்தைச் சொன்னது அந்த ஒன்பது வயதுப் பையன்தான். கண்ணாடி போட்டால் கூன் விழுந்த முதுகு, தடுமாறும் பேச்சு, பயந்தாங்கொள்ளி. கழற்றினால் வீரன். நம்மூரிலும் இதே பாடம்தான். தூர்தர்ஷனில் வந்த சக்திமானும் கங்காதராக மாறும்போது கண்ணாடி மாட்டிக்கொண்டு அசடு வழிவார். சினிமாவில் அழகில்லாத பெண் என்று காட்ட ஒரு கண்ணாடி, அவளே அழகியாக மாறக் கண்ணாடியைக் கழற்றினால் போதும். பெண் பார்க்க வருகிற நாளில் அம்மாக்களே மகளின் கண்ணாடியை வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் மங்கலாகத் தெரிகிறானே என்ற கவலை யாருக்கும் கிடையாது.

ஆனால் கென்டுக்குக் கண்ணாடி போட்டுவிட்டவர்களே கண்ணாடி போட்ட பிள்ளைகள். ஷூஸ்டருக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை மோசம். சூப்பர்மேன் உரிமையை இருவரும் வெறும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். 1975-இல் போராடி ஓய்வூதியம் வாங்கியபோது ஷூஸ்டருக்கு ஏறக்குறைய பார்வையே போய்விட்டிருந்தது. இதைச் சொன்னபோது பையன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அவருக்கு எவ்ளோ பவர் சார்?"

சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் பையனுக்கு வலது கண்ணில் பிளஸ் 0.75, இடது கண்ணில் பிளஸ் 4.50. இப்படி இரண்டு கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மூளை தெளிவாகத் தெரிகிற கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் கண் சோம்பேறி இல்லை, மூளைதான் அதைப் பட்டினி போடுகிறது. இதில் ஆபத்து, வெளியே எதுவும் தெரியாது. டிவிக்குக் கிட்டே போக மாட்டான், போர்டில் எழுதியதைத் தப்பாக எழுத மாட்டான், கிரிக்கெட் ஆடுவான். ஒரு கண்ணை வைத்து எல்லாம் நடந்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் நல்ல பலன். அதற்குப் பிறகும் முயற்சி செய்யலாம், ஆனால் வயது ஏற ஏறக் கஷ்டம்.

வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்கும். பிள்ளையைத் தள்ளி நிற்கவைத்து ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, ராசிபலன் பக்கத்துப் பெரிய எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். விரலால் மூடவிடாதீர்கள், இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். நீங்கள் கிழிக்கும் தேதியைப் பிள்ளைக்கு முன்கூட்டிக் காட்டாதீர்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தெரியாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை முறையாகப் பார்த்துவிடுவது நல்லது, காலண்டர் எங்கள் வேலையைச் செய்யாது.

"கண்ணாடி போட்டா பவர் ஏறும்" என்பதை இந்த ஊரில் எத்தனை முறை மறுத்திருப்பேனோ. ஏறாது. கிட்டப்பார்வையில் பவர் ஏறுவது பிள்ளை வளர்வதால்; கண் விழியும் நீண்டுகொண்டே போகிறது. கண்ணாடியைப் பூட்டி வைத்தாலும் அது நீளும். அந்த வகைப் பவர் வருவதைத் தள்ளிப்போட உதவுவது வெளிவெளிச்சம், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போல. சூப்பர்மேனுக்கும் வெயிலிலிருந்துதான் சக்தி என்கிறார்கள். கடலூரில் அதற்கா பஞ்சம்.

பையனின் அம்மாவுக்கு வேறு கவலை: "ஒரு கண்ணு மட்டும் பெருசா தெரியுதே சார், கிண்டல் பண்ணத்தான செய்வாங்க?" பிளஸ் 4.50 அப்படித்தான் காட்டும். சின்ன ஃப்ரேமாக, கண்ணுக்கு நெருங்கி உட்காருவதாக எடுத்து, வளைவு குறைந்த ஆஸ்பெரிக் லென்ஸ் போட்டால் கொஞ்சம் குறையும். ஒரு கண்ணை நம்பி இருக்கிற பிள்ளைக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட்தான் எழுதுவேன். அந்த ஒரு கண்ணில் பந்து பட்டுவிடக் கூடாது. முதலில் சில மாதம் கண்ணாடி மட்டும். பிறகு கண் மருத்துவர் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடச் சொன்னார். முதல் வாரம் அழுகை, பிடுங்கி எறிதல், எல்லாம் நடந்தது. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டையை எண்ணச் சொல்லி நேரத்தை ஓட்டியிருக்கிறார். எண்ணியதில் பாதி வயிற்றுக்குள் போனதாகக் கேள்வி.

போன மாதம் பரிசோதனைக்கு வந்தான். கண்ணாடி மூக்கில் இருந்தது, ஃப்ரேமின் கால் ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றி. வலது கண்ணை உள்ளங்கையால் மூடினான். இடது கண்ணால் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, ஐந்தாவது வரி வரை வந்தான். 6/12. நான் குறித்துக்கொண்டிருக்கும்போது திரும்பி என்னைப் பார்த்தான்.

"சார், சார்ட்ட மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன்."

"அப்ப சரி" என்று அடுத்த வரிக்குப் போனான்.