சொல் விளக்கம்: ‘ஆர்சி’ கோப்பு

லினக்ஸ் பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எதிர்ப்படும் பெயர் ‘.பாஷ்ஆர்சி’. முன்னால் உள்ள புள்ளி, கோப்பைச் சாதாரணப் பட்டியலில் காட்டாமல் மறைக்கிறது. பாஷ் என்பது ஒரு ஷெல்லின், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலின், பெயர். அது தொடங்கும்போது படித்து ஓட்டும் கோப்பு இது. வாலில் ஒட்டியிருக்கும் ஆர்சி என்ன? நம் ஊரில் ஆர்சி என்றால் வண்டிப் புத்தகம்தான். ‘ரன் கன்ட்ரோல்’ என்று விரிப்பவர்களும் உண்டு.

இதன் வேர், லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தைவிடப் பழையது. 1960-களின் தொடக்கத்தில், ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய அமெரிக்காவின் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளம் உருவானது. அங்கே இருந்த பிரெஞ்சுக்காரர் லூயி பூஸான், அடிக்கடி தட்டும் கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்து மொத்தமாக ஓட்டுவதற்கு ‘ரன்காம்’ என்ற நிரலை எழுதினார். ‘ரன் கமாண்ட்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. யுனிக்ஸுக்கு வந்தபோது மேலும் தேய்ந்து ‘ஆர்சி’ ஆகிவிட்டது. ஷெல் என்ற பெயரும் பூஸான் வைத்ததே. பருப்பைச் சுற்றிய ஓடு போல, உள்ளே இயங்குதளத்தின் கருவான கெர்னல், வெளியே ஷெல். தமிழில் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: ‘ஷெல்’லும் ஓடு, ‘ரன்’னும் ஓடு!

இத்தகைய கோப்புகள் நிரப்பும் சூழல் மாறிகள், அதாவது நிரலுக்கு நிரல் கைமாறும் பெயரிட்ட மதிப்புகள், பிறகு வந்தவை. 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு, ஸ்டீபன் பார்னின் ஷெல்லோடு சேர்ந்து வந்தன. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது ‘பாத்’ (கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளின், அதாவது கோப்புறைகளின், பட்டியல்), ‘ஹோம்’ (நம் வீட்டு அடைவு) போன்ற மதிப்புகளின் நகல் சேய் நிரலுக்குப் போகும். சேய் தன் நகலில் என்ன மாற்றினாலும் தாய்க்கு எட்டாது. எல்லா மாறியும் போகாது, ‘எக்ஸ்போர்ட்’ என்ற கட்டளையால் அனுப்பக் குறித்தவை மட்டுமே போகும்.

இந்த மதிப்புகளை முதலில் நிரப்புவது யார் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடவுச்சொல் கொடுத்து உள்நுழையும்போது எழும் பாஷ், ‘/இடிசி/புரொஃபைல்’ கோப்பைப் படிக்கும். பிறகு நம் வீட்டு அடைவில் ‘.பாஷ்_புரொஃபைல்’, ‘.பாஷ்_லாகின்’, ‘.புரொஃபைல்’ என்ற வரிசையில் முதலில் அகப்படுவதை மட்டும் படிக்கும். லினக்ஸ் திரையில் புதிய முனையச் சாளரம் திறந்தால், பெரும்பாலும் ‘.பாஷ்ஆர்சி’யோடு சரி. எந்த வகை ஷெல்லில் இருக்கிறோம் என்று பார்க்க ‘எக்கோ $0’ தட்டுங்கள். ‘-பாஷ்’ என்று முன்னால் ஒரு சிறு கோடு வந்தால் அது உள்நுழைவு ஷெல். நேரம் பார்த்து நிரல்களை ஓட்டும் கிரான் இவற்றில் எதையும் படிப்பதில்லை. கையால் ஓட்டினால் ஓடுகிற நிரல் இரவில் கிரானில் ‘கட்டளை இல்லை’ என்று கைவிரிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி தமிழ்ப் பெயர். ‘அமைவுக் கோப்பு’ என்பது எனக்கு ஒப்பவில்லை. அமைவு என்றால் ஒருமுறை எழுதினால் அப்படியே நிற்கும் குறிப்பு என்று தோன்றும். ஆர்சி கோப்பில் இருப்பவையோ கட்டளைகள், படிக்கும் ஒவ்வொரு முறையும் ஓடுபவை. ‘தொடக்கக் கட்டளைக் கோப்பு’ என்பேன். சற்று நீளம்தான், ஆனால் ரன்காம் சொன்னதை விடாமல் சொல்கிறது.

சோதித்துப் பார்க்கலாம். ‘.பாஷ்ஆர்சி’யில் ‘பாத்=$பாத்:$ஹோம்/பின்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் புதிய சாளரம் திறங்கள். அதற்குள்ளேயே ‘பாஷ்’ என்று மூன்று முறை தட்டிவிட்டு ‘எக்கோ $பாத்’ கொடுங்கள். வாலில் அதே அடைவு நான்கு முறை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு சேயும் தாயிடம் வாங்கிய நகலில், அந்த வரியை மறுபடி ஓட்டி, இன்னொன்றை ஒட்டிக்கொண்டது. அதனால்தான் அந்த வரியை ‘.புரொஃபைல்’ கோப்பில் வைக்கச் சொல்கிறார்கள். உள்நுழையும்போது ஒருமுறை ஓடும், பிறகு நகலே கைமாறிக்கொண்டிருக்கும்.