காலில் கட்டிய சீட்டு

ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா, மலேசியப் பகுதிகள்) அலைந்து சேகரித்தவை 1,25,660 உயிரின மாதிரிகள். அதில் பறவைகள் மட்டும் 8,050. அந்த வெக்கையில் செத்த பறவை சீக்கிரமே அழுகத் தொடங்கிவிடும். பிறகு எப்படி அவை லண்டன் வரை கெடாமல் போய்ச் சேர்ந்தன?

போனது பெரும்பாலும் தோல்தான். சுட்டு விழுந்ததும் வாயிலும் குண்டு பட்ட இடத்திலும் பஞ்சை அடைப்பார்கள். இறகில் ரத்தம் படக் கூடாது. வயிற்றின் நடுவே கீறி, சட்டையைக் கழற்றுவதுபோலத் தோலைத் தலைவரை உரித்து, மூளையைச் சுரண்டி எடுப்பார்கள். மண்டையோடும் சிறகு, கால் எலும்புகளும் தோலோடு நிற்கும். உள்ளே ஆர்சனிக் நஞ்சைப் பூசிப் பஞ்சு திணித்துக் காயவைப்பார்கள். காயும்வரை நிம்மதி கிடையாது. எறும்பு மொய்க்கும், ஈ முட்டையிடும், பசித்த நாய் கவ்விக்கொண்டு ஓடும். மேசைக்கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தித்தான் வாலஸ் எறும்பைச் சமாளித்தார்.

இந்த வேலையில் பெரும்பங்கு போர்னியோ தீவின் சரவாக்கில் அவரிடம் சேர்ந்த அலி என்ற இளைஞருடையது. சமையலுக்கு வந்தவர், சுடவும் தோலைப் பாடம் செய்யவும் தேர்ந்தார். 1858-இல் பச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத சொர்க்கப் பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தவர் அவர்தான். அதன் அறிவியல் பெயரில் இருப்பதோ வாலஸ். அலியின் பெயரும் எங்காவது ஏறியிருக்க வேண்டும்.

சரி, தோல் தயார். அப்புறம்தான் முக்கியமான வேலை: காலில் ஒரு சீட்டு. காய்ந்த தோலில் கண்ணின் நிறம் தெரியாது. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும் இனங்களில், உடலைத் திறந்து பார்த்தால்தான் எது எதுவென்று புரியும். ஆகவே அங்கேயே எழுதிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட, கிடைத்த இடத்தை எழுத வேண்டும். அமேசானில் ஆற்றின் இரு கரைகளில் வெவ்வேறு குரங்குகள் இருக்க, பலர் பொத்தாம்பொதுவாக ‘அமேசான்’ என்று குறித்துவைப்பதை வாலஸ் 1852-லேயே கண்டித்திருக்கிறார்.

அந்தக் கறார்த்தனம் 1856-இல் பலன் கொடுத்தது. பாலியில் நம் ஊர்ச் செம்மார்புக் குக்குறுவானின் உறவைப் பார்த்தவர், அடுத்த தீவான லொம்போக்கில் குக்குறுவானையே காணவில்லை. அங்கே ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூக் கிளிகள் கத்தின. இடையில் சுமார் 35 கி.மீ. கடல்தான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கடலின் ஆழம். பனியுகத்தில் கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கியபோது பாலி ஆசியாவோடு நிலமாக ஒட்டிக்கொண்டது. இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள லொம்போக் நீரிணை அதைவிட ஆழமென்பதால் வற்றவே இல்லை. காட்டுப் பறவைகளில் பலவும் திறந்த கடலுக்கு மேல் பறக்கத் துணிவதில்லை.