256 பிட் என்க்ரிப்ஷன் இருக்குன்னு நிம்மதியா இருந்துடாதீங்க: போர்க்கள டேட்டா லிங்க் எங்க உடையுது?

டேட்டா லிங்க் வேலைக்குப் புதுசா வர்ற பசங்க முக்கால்வாசி பேர் முதல் வாரமே கேக்குற கேள்வி, "சார், இதுல என்ன என்க்ரிப்ஷன், 256 பிட்டா?" கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அதோட நிறுத்திடுறாங்க பாருங்க, அதுதான் எனக்குக் கவலை. நான் பாத்த வரைக்கும் சைஃபரை, அதாவது செய்தியை மறைக்கிற கணித முறையை, எவனோ கணக்கு போட்டு உடைச்சதால லிங்க் போச்சுன்னு ஒரு கேஸ்கூட கிடையாது. போனதெல்லாம் கீயை (மறைக்கவும் திறக்கவும் வேண்டிய ரகசிய எண்) ரேடியோவுல ஏத்துற இடத்துல, கடிகாரம் நழுவுன இடத்துல, கிளவுஸ் போட்ட கைக்கு அகப்படாத சுவிட்சுல, ரெண்டு பேரோட ரேடியோ ஒண்ணுக்கொண்ணு பேசாத இடத்துல. அதைத்தான் இங்க எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ரேடார்ல தெரிஞ்ச டார்கெட், ஒரு விமானம் இப்ப எங்க இருக்கு, எவ்ளோ எரிபொருள் மிச்சம், அடுத்து என்ன உத்தரவு, இதெல்லாத்தையும் ஆள் வாயால சொல்லாம கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் ரேடியோ வழியா பரிமாறிக்கறதுதான் டேட்டா லிங்க். நேட்டோ நாடுகளோட பழைய டேட்டா லிங்க்கான லிங்க் 11-ல ஒரு ஸ்டேஷன் நடுவுல உக்காந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கேக்கும், அந்த ஸ்டேஷனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நெட்டே, அதாவது இணைஞ்சிருக்கற ரேடியோ கூட்டமே, நின்னுடும். அதுக்கு அப்புறம் வந்த லிங்க் 16-ல அந்தத் தலைவலி இல்ல. ஒவ்வொரு நொடியையும் 128 ஸ்லாட்டா வெட்டி, ஒரு ஸ்லாட் 7.8125 மில்லி செகண்டுன்னு வச்சு, யாருக்கு எந்த ஸ்லாட்னு முன்கூட்டியே பிரிச்சுக் குடுத்துடுறாங்க, அவங்கவங்க நேரம் வந்தா அவங்கவங்க அனுப்பணும், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்ல.

அந்த 7.8125 மில்லி செகண்ட் முழுக்க டேட்டான்னு நினைச்சுடாதீங்க. ஆரம்பத்துல வேணும்னே கொஞ்சம் தள்ளி ஆரம்பிப்பாங்க, எவ்ளோ தள்ளிங்கறது ஸ்லாட்டுக்கு ஸ்லாட் மாறும், ஜாம் பண்றவன், அதாவது இரைச்சல் சிக்னல் விட்டு நம்ம சிக்னலை அமுக்கறவன், எப்ப அடிக்கணும்னு கணிக்கக் கூடாது இல்லையா. அப்புறம் சின்க் (கேக்குறவன் நேரத்தை ஒத்துக்கறதுக்கான சிக்னல்), அப்புறம் டேட்டா, கடைசில கொஞ்ச நேரம் சும்மா விடுவாங்க, ஏன்னா 300 கடல் மைல் தள்ளி இருக்கறவனுக்கு சிக்னல் போய்ச் சேரவே கிட்டத்தட்ட 1.85 மில்லி செகண்ட் ஆகும், அது போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்தவன் பேச ஆரம்பிச்சா ரெண்டும் குழம்பிடும். இதுக்கு நடுவுல 960-லேர்ந்து 1215 மெகாஹெர்ட்ஸுக்குள்ள 51 ஃப்ரீக்வென்சில பல்ஸுக்கு பல்ஸ் (ஒவ்வொரு சின்ன சிக்னல் துடிப்புக்கும்) தாவிக்கிட்டே இருக்கும், 13 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை. அந்த பேண்ட்ல 1030-யும் 1090-யும் சுத்தி மட்டும் தொடாம விட்டிருப்பாங்க, அங்கதான் நம்மாளா எதிரியான்னு கேக்குற ஐஎஃப்எஃப்-பும் விமான நிலைய செகண்டரி ரேடாரும் இருக்கு. நம்ம லிங்க் அதுல கை வச்சா நம்ம விமானத்தை நாமளே அடையாளம் தெரியாம ஆக்கிடுவோம். ஒரு ஸ்பெக்ட்ரம் படத்துல அந்த ரெண்டு பள்ளத்தையும் பாத்து "இங்க ஏன் வீணா விட்டிருக்காங்க"ன்னு கேக்குற பையன் இருந்தா, அவனுக்கு இந்த வேலை வரும்னு நான் முடிவு பண்ணிக்குவேன்.

சரி, இதெல்லாம் எதை நம்பி நிக்குது? நேரத்தை நம்பி. என் கடிகாரமும் உங்க கடிகாரமும் ஒத்துப்போகலன்னா எந்த ஃப்ரீக்வென்சிக்கு எப்ப தாவணும்னே தெரியாது, கீ சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால நெட்ல ஒரு ரேடியோவை நேரத்துக்கு ஆதாரமா வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் அதைப் பாத்து திருத்திக்கும், அந்த ரேடியோ போயிட்டா வேற ஒண்ணு அந்தப் பொறுப்பை எடுத்துக்கலாம். இப்ப புதுசா டிசைன் பண்றவங்க நிறைய பேர் நேரத்துக்கு ஜிபிஎஸ் இருக்கேன்னு அது ஒண்ணு மேலயே சாஞ்சுக்கறாங்க. சண்டைன்னு வந்தா எதிரி முதல்ல ஜாம் பண்றதே அதைத்தான். ரேடியோ உள்ள கடிகாரத்தை ஓட்டுற ஆஸிலேட்டர் ஜிபிஎஸ் இல்லாம எத்தனை மணி நேரம் தாங்கும்னு டேட்டாஷீட்ல போட்டிருக்கும், சரி, அது ஏசி ரூம்ல. வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள எத்தனை மணி நேரம்னு யாராச்சும் அளந்தீங்களா?

இப்ப கீ விஷயம். இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

கீ தினமும் மாறும், கிரீன்விச் நேரப்படி நள்ளிரவுல. அதுக்குத்தான் ரேடியோவுல இன்னைக்கு கீ, நாளைக்கு கீ ரெண்டையும் முன்னாடியே ஏத்தி வைப்பாங்க. ஏத்துறதுக்குன்னு கையடக்கமா ஒரு ஃபில் டிவைஸ், அதுக்கு ஒரு கேபிள், முனையில சின்ன சின்ன பின் வச்ச வட்டமான கனெக்டர். அந்த பின்னுக்கு நடுவுல மணல் போயிருக்கும், ஆபரேட்டர் ராத்திரி டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு அதைத் திருகுவாரு, பொருந்துச்சா இல்லையான்னு விரலுக்குத் தெரியாது. ஸ்க்ரீன்ல ரெண்டே ரெண்டு எழுத்து வரும். அது வந்துட்டா ஏறிடுச்சுன்னு அர்த்தம், ஆனா இன்னைக்கு கீ ஏறுச்சா நாளைக்கு கீயும் சேந்து ஏறுச்சான்னு பாக்க இன்னும் ரெண்டு மெனு உள்ள போகணும். தூக்கம் இல்லாத ஆள் எத்தனை பேர் உள்ள போவாங்க?

ஒரு ஃபீல்டு டெஸ்ட்ல நான் கண்ணால பாத்தது இது. நாளைக்கு கீ ஏறாத ஒரு ரேடியோ நள்ளிரவு தாண்டுனதும் சத்தமே இல்லாம நெட்டை விட்டு விழுந்துடுச்சு. ஹார்டுவேர் நல்லா இருக்கு, அதனால பச்சை லைட் எரியுது. ஸ்க்ரீன்ல ஒரு டிராக்கும் (விமானம் நகர்றதைக் காட்டுற குறி) இல்ல. ஆபரேட்டர் என்ன நினைச்சாருன்னா, வானத்துல எதுவும் இல்ல, அமைதியா இருக்குன்னு. அமைதியான வானமும் செத்துப்போன லிங்க்கும் அந்த ஸ்க்ரீன்ல ஒரே மாதிரி தெரிஞ்சுது, அந்தப் பிரச்சனை ஆபரேட்டரோடது கிடையாது, டிசைன் பண்ணவங்களோடது. கடைசியா ஒரு நல்ல மெசேஜ் வந்து எவ்ளோ நேரம் ஆச்சுன்னு ஒரே ஒரு நம்பர் ஸ்க்ரீன் மூலையில ஓடிக்கிட்டு இருந்தா போதும், அந்த மனுஷன் அடுத்த நிமிஷமே முழிச்சுக்குவாரு. நான் எந்த ரிவ்யூக்குப் போனாலும் முதல்ல கேக்குறது இந்த நம்பரைத்தான்.

ஸ்க்ரீன்ல வராத தகவல் ஆளைக் கொல்லும்னு சும்மா சொல்லல. 2003 மார்ச் 23-ஆம் தேதி ஈராக் போர்ல அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணை பேட்டரி (ஏவுகணைப் படைப்பிரிவு) ஒண்ணு திரும்பி வந்துக்கிட்டு இருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தைச் சுட்டு வீழ்த்திடுச்சு, உள்ள இருந்த ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை பல காரணம் சொல்லுது, அந்த விமானத்தோட ஐஎஃப்எஃப் வேலை செய்யாம போயிருக்கலாம்ங்கறது ஒண்ணு. இன்னொண்ணு, அந்த பேட்டரியோட தகவல் தொடர்பு சாதனங்கள் அப்ப அமெரிக்காவுலேர்ந்து வந்து சேரவே இல்ல, பக்கத்து பேட்டரி வழியா ரேடியோவுல ரிலே பண்ணித்தான் தலைமையகத்தோட பேசிக்கிட்டு இருந்தாங்க. அதாவது வான்வெளியோட முழுப் படம் அவங்க கண்ணு முன்னாடி இல்ல. ஏவுகணை வந்துடுச்சு, லிங்க் வரல.

அதுக்கு முன்னாடி, 1994 ஏப்ரல் 14, வடக்கு ஈராக். அமெரிக்காவோட ரெண்டு எஃப்-15 அமெரிக்காவோடதேயான ரெண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை எதிரி ஹெலிகாப்டர்னு நினைச்சு சுட்டதுல 26 பேர் போயிட்டாங்க. கண்காணிப்புக்கு பெரிய ரேடார் வச்ச அவாக்ஸ் விமானம் வேற மேல பறந்துக்கிட்டு இருந்துது. அந்தப் பகுதிக்குள்ள போனா ஐஎஃப்எஃப் கோடை மாத்தணும்ங்கற விஷயம் ஹெலிகாப்டர்காரங்களுக்குப் போய்ச் சேரல, ரேடியோவோ வேற ஃப்ரீக்வென்சில இருந்துது, எஃப்-15 ஜாமிங்கைத் தாங்குற ஹாவ் குயிக் மோடுல பேசிக்கிட்டு இருந்துது, ஹெலிகாப்டர்ல இருந்த ரேடியோவால அதுல சேர முடியாது. ஜாமிங்குக்கு எதிரான பாதுகாப்பு அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சுது, ஆனா நம்மாளையே வெளிய நிறுத்திடுச்சு. புது வேவ்ஃபார்ம் (ரேடியோ சிக்னலை அனுப்புற முறை) ஒண்ணு கொண்டு வரும்போது அது எவ்ளோ ஜாமிங்கைத் தாங்கும்னு பத்து ஸ்லைடு போடுறோம், பழைய ரேடியோ வச்சிருக்கறவன் என்ன பண்ணுவான்னு ஒரு ஸ்லைடு போடுறோமா?

கீ திருட்டுப் போறதும் இதே அளவுக்கு பெரிய விஷயம். 1968 ஜனவரில வட கொரியா அமெரிக்காவோட உளவுக் கப்பலான யூஎஸ்எஸ் பியூப்ளோவைப் பிடிச்சப்ப உள்ள இருந்த சைஃபர் மெஷின்களும் சேந்து மாட்டுச்சு. கீ தினமும் மாறுதே, மெஷின் மட்டும் கிடைச்சா என்னன்னு ஒரு தைரியம் இருந்திருக்கும். ஆனா அமெரிக்க கடற்படையிலேயே ஜான் வாக்கர்னு ஒருத்தர் 1967 கடைசிலேர்ந்தே கீ லிஸ்ட்டை சோவியத்துக்கு வித்துக்கிட்டு இருந்தாரு, 1985-லதான் பிடிபட்டாரு. மெஷின் ஒரு பக்கம் கீ ஒரு பக்கம், ரெண்டும் ஒரே கைக்குப் போச்சு. அதனாலதான் கீயை பேப்பர்ல, டேப்ல கொண்டு போறதைக் குறைச்சு, ஆள் கண்ணுலயே படாம டிவைஸுக்கு டிவைஸ் போற மாதிரி, ரேடியோ வழியாவே புது கீ அனுப்புற மாதிரி கொண்டு வந்தாங்க. அவசரத்துல கீயை அழிக்கிற பட்டன்னு ஒண்ணு இருக்கும், அது பவர் இல்லாதப்பவும் வேலை செய்யணும், அதே சமயம் தெரியாத்தனமா முழங்கை பட்டு அழிஞ்சுடவும் கூடாது, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூடி டிசைன் பண்றதுக்கு நடக்குற சண்டை இருக்கே, அல்காரிதத்துக்குக்கூட அவ்ளோ நடக்காது.

அல்காரிதத்தை, அதாவது மறைக்கிற கணக்கு முறையை, ரகசியமா வச்சாலே பாதுகாப்புன்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க. கெர்க்காஃப்ஸ்ங்கற ரகசிய எழுத்து நிபுணர் 1883-லயே சொல்லிட்டாரு, சாதனம் எதிரி கைல கிடைச்சாலும் கீ கிடைக்காத வரைக்கும் தாங்கணும்னு. 2023-ல நெதர்லாந்து ஆய்வாளர்கள் டெட்ரா ரேடியோவைப் பிரிச்சு மேஞ்சப்ப, ரகசியமா வச்சிருந்த அதோட டிஇஏ1 சைஃபர்ல 80 பிட் கீ உள்ள போய் 32 பிட்டா சுருங்கறது வெளிய வந்துச்சு. போலீஸ், அவசர சேவைன்னு எத்தனையோ பேர் வருஷக்கணக்கா அந்த ரேடியோ குடும்பத்தை நம்பி இருந்தவங்க.

இதை விட மோசம் என்க்ரிப்ஷனே போடாம விடறது. பிரிடேட்டர் ட்ரோன்லேர்ந்து வந்த வீடியோவை ஈராக்ல போராளிகள் 26 டாலர் சாஃப்ட்வேர் வச்சு பாத்துக்கிட்டு இருந்தது 2009 டிசம்பர்ல செய்தியா வந்துச்சு. 1990-கள்ல நடந்த பாஸ்னியா போர் காலத்துலயே தெரிஞ்ச ஓட்டை அது. கட்டளை போற பக்கத்தைப் பூட்டிட்டு படம் வர்ற பக்கத்தைத் திறந்து விட்டுட்டாங்க, உள்ளூர் எதிரிக்கு இதைப் பிடிக்கத் தெரியாதுன்னு ஒரு எண்ணம்.

அப்புறம் சுவிட்ச். 2011-ல பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க அரசு ஏஜென்ட்கள் பயன்படுத்துன ரேடியோவை ஆராய்ஞ்சப்ப, என்க்ரிப்ட் ஆகுதுன்னு நம்பிக்கிட்டே திறந்த நிலையில பேசிக்கிட்டு இருந்தவங்க நிறைய பேரு. சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து புரியாத டிசைன், எதிர்ல இருக்கறவன் மறைச்சுப் பேசுறானா திறந்து பேசுறானான்னு காட்டாத டிசைன். என் கருத்து என்னன்னா திறந்த மோடுங்கற சுவிட்சே முன்பக்கம் இருக்கக் கூடாது, வேணும்னா ரெண்டு கை வேலையா இருக்கணும். இதுக்கு எதிரா வாதாடுற சீனியர்ங்க இருக்காங்க, அவசரத்துல பேச முடியாம போயிடும்னு. அவங்க பயமும் நியாயம்தான். அதனாலதான் மறைச்சுப் பேசுறது திறந்து பேசுறதை விட ஒரு நொடிகூட லேட் ஆகக் கூடாதுன்னு நான் அடம் பிடிப்பேன், லேட் ஆச்சுன்னா ஆபரேட்டர் அதை அணைச்சு வச்சுடுவாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

எவ்ளோ மறைச்சுப் பேசினாலும் பேசுறோம்ங்கறதை மறைக்க முடியாது, இதையும் மறந்துடாதீங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் நீர்மூழ்கிகள் சுருக்கமா சில நொடிதான் அனுப்புறோம், திசை கண்டுபிடிக்க முடியாதுன்னு நம்புனாங்க. நேச நாட்டுக் கப்பல்கள்ல இருந்த ஹெச்எஃப் (உயர் அலைவரிசை ரேடியோ) சிக்னல் வர்ற திசையைக் காட்டும் கருவிக்கு அந்த சில நொடியே போதுமா இருந்துச்சு, உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்க படிக்கவே வேண்டியதில்ல. தேவைக்கு மேல பவர் வைக்காதீங்கன்னும், திசை ஆன்டெனா போடுங்கன்னும், தேவையில்லாத மெசேஜை குறைங்கன்னும் சொல்றது இதுக்குத்தான். பொறியாளர்ங்க மெசேஜ் எண்ணிக்கையைக் கூட்டுறதைத்தான் முன்னேற்றம்னு நினைக்கிறோம்.

இப்ப டெஸ்ட் பிளான் எழுதிக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ரேடியோவை சாயங்காலம் ஆஃப் பண்ணி வச்சு, கீ மாறுன பிறகு காலைல ஆன் பண்ணி, பக்கத்துல நிபுணர் யாரும் நிக்காம ஒரு சாதாரண ஆபரேட்டரால அதை நெட்டுக்குள்ள கொண்டு வர முடியுதான்னு பாருங்க. ஜிபிஎஸ்ஸைப் புடுங்கிட்டு பாருங்க. வேற கம்பெனி ரேடியோவோட சேத்து பாருங்க, அதுவும் அவங்க பழைய வெர்ஷனோட. ஒரு செட்டு தொலைஞ்சு போச்சுன்னு வச்சுக்கிட்டு, அதை மட்டும் நெட்டை விட்டு வெளியேத்தி மத்தவங்களுக்குப் புது கீ குடுக்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளந்து பாருங்க.

அடுத்து வரப்போற தலைவலி குவாண்டம் கம்ப்யூட்டர், இப்ப இருக்கற கீ பரிமாற்ற முறையை அது உடைச்சுடலாம்னு பயம். 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்குற கீ பரிமாற்ற ஸ்டாண்டர்டை வெளியிட்டுடுச்சு. அதுல எம்எல்-கெம் 768-னு ஒண்ணு இருக்கு, அதோட பப்ளிக் கீ (எதிர்ல இருக்கறவருக்கு அனுப்புற கீ) மட்டும் 1184 பைட், இப்ப பரவலா ஓடுற எலிப்டிக் கர்வ்ங்கற முறையில அந்த இடத்துக்கு 32 பைட்டே போதும். ஃபைபர்ல இது பெரிய விஷயமே இல்ல. லிங்க் 16-ல சாதாரணமா ஒரு ஸ்லாட்டுக்கு 225 பிட்தான் ஏறும், அது மாதிரி ஒரு ரேடியோ நெட் வழியா இந்த கீயை அனுப்பணும்னா நாப்பதுக்கு மேல ஸ்லாட் போயிடும், அதுவும் ஒரே ஒருத்தருக்கு, ஒண்ணுகூட தவறாம போய்ச் சேந்தா. புது கீ முறையைத் தேர்ந்தெடுக்கற மீட்டிங்ல கிரிப்டோ ஆளுங்க மட்டும் உக்காந்திருந்தா இந்தக் கணக்கு யார் வாயிலயும் வராது, அதனால ஸ்லாட் பிரிக்கிறவரை அந்த ரூமுக்குள்ள முதல் நாள்லேர்ந்தே உக்கார வைங்க.