விழுந்தவரின் குரலை அடையாளம் காணும் கருவி

வயதானவர்கள் கீழே விழும்போது அடிபடுவது ஒரு ஆபத்து. எழ முடியாமல் தரையிலேயே கிடப்பது அதைவிடப் பெரிய ஆபத்தாகிவிடலாம். மணிக்கணக்கில் அப்படிக் கிடந்தால் உடலில் நீர் வற்றும். அழுந்திய தசைகள் சிதைந்து சிறுநீரகம்கூடப் பாதிக்கப்படலாம். கழுத்தில் மாட்டும் அவசர பட்டனைக் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். குளியலறையில்தான் தரை வழுக்கும். அதனால்தான் குரலைக் கேட்டு உதவிக்கு ஆள் அழைக்கும் கருவி அவசியமாகிறது.

இதை வீட்டிலேயே செய்யலாம். இ.எஸ்.பி. 32 போன்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, டிஜிட்டல் மைக், ஸ்பீக்கர், சிம் போட்டு போன் அழைப்பு செய்ய ஜி.எஸ்.எம். மாட்யூல், கரண்ட் போனாலும் தாங்க ஒரு பேட்டரி. இணையம் தேவையில்லை, வீட்டுப் பேச்சும் வெளியே போகாது.

மைக் காற்றழுத்தத்தை நொடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவற்றை 30 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று போர்டு கணக்கிடும். இந்தத் துண்டுகளை வரிசையாக அடுக்கினால் ஒலியின் படம் கிடைத்துவிடும். நாம் பழக்கிய சொல்லின் வடிவம் அதில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க் (மாதிரிகளைக் கேட்டுப் பழகும் மென்பொருள்) பார்க்கும். சொல்லின் பொருள் அதற்குத் தெரியாது.

சிக்கல் இங்கேதான். நொடிக்கு 4 முறை முடிவெடுத்தால் ஒரு நாளில் 3,45,600 முடிவுகள். லட்சத்தில் ஒன்று தப்பானாலும் தினமும் மூன்று நான்கு பொய் அலாரம் அடிக்கும். ஒரே வாரத்தில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் மெனக்கெட வேண்டும். 'ஐயோ', 'முருகா' எல்லாம் நாற்காலியிலிருந்து எழும்போதே வாயில் வரும். 'காப்பாத்துங்க' டிவி சீரியலில் அடிக்கடி கேட்கும். 'கீழ விழுந்துட்டேன்' நல்ல தேர்வு என்பது என் எண்ணம். அசை அதிகம், சாதாரணப் பேச்சில் அபூர்வம், பதற்றத்திலும் தானாக வரும்.

அதைப் பாட்டியின் குரலிலேயே பழக்குங்கள். படுத்தபடி, முனகலாக, குழாய் திறந்திருக்கும்போது, பல்செட்டைக் கழற்றிவிட்டு என எல்லா விதமாகவும் பதிவு செய்யுங்கள். மிக்ஸி, டிவி சத்தத்தையும் கலந்து பழக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் கதவும் சுவரும் வேறு தடுக்கும். ஒரே மைக் முழு வீட்டுக்கும் போதாது. குளியலறைப் பக்கம் ஒன்று கட்டாயம்.

சொல் கேட்டதும் உடனே அழைக்காமல், "உதவி வேணுமா பாட்டி?" என்று ஸ்பீக்கர் கேட்கட்டும். "வேண்டாம்" என்றால் நிறுத்தலாம். 15 நொடி பதிலே இல்லையென்றால் 'வேண்டும்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மயங்கியவரால் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், மலிவான 2ஜி ஜி.எஸ்.எம். மாட்யூல் அழைக்கும் கணத்தில் 2 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். பவர் சப்ளை அதைத் தாங்காவிட்டால் சரியாக அந்த நேரத்தில் அணைந்துவிடும். ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லாததால் அதன் சிம்மும் இந்த மாட்யூலில் வேலை செய்யாது.

முதல் அழைப்பு, சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்குப் போகட்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அடுத்தது. வந்து பார்ப்பவர் 108-ஐ அழைப்பார். தினமும் காலையில் கருவி தானாகவே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும்படி வையுங்கள். அது வராத நாளில் நீங்களே போன் செய்து பாருங்கள்.