முலாம்பழ இலையில் ஊசித் துளைகள்: நோயா, மண்ணா?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றை ஒட்டிய நாக்ஸ் கவுண்டி முலாம்பழத்துக்கும் தர்பூசணிக்கும் பேர்போனது. மணற்பாங்கான பூமி. சில வயல்களில் கொடி நன்றாகப் படர்ந்து காய் பிடிக்கிற நேரத்தில் அடி இலைகள் மஞ்சளடித்துக் கருக ஆரம்பிக்கும். பூஞ்சை என்று நினைத்து மருந்தடித்தால் கேட்காது.

அப்படிப்பட்ட இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசியால் குத்தியது மாதிரி நுண்ணிய புள்ளிகளும், அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையமும் தெரிந்தால் பெரும்பாலும் அது மாங்கனீசு நச்சு, அதாவது செடிக்குச் சிறிதளவே தேவைப்படும் மாங்கனீசு அளவுக்கு மீறி ஏறியது. யாரும் அதை உரமாகப் போட்டிருக்க வேண்டியதில்லை. கரையாத ஆக்சைடாக மண்ணிலேயே கிடப்பதுதான். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போது அது கரைந்து வேருக்குள் ஏறிவிடுகிறது. பி.எச். ஒரு அலகு குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். கரையும் மாங்கனீசோ, வேதியியல் கணக்குப்படி, 100 மடங்கு வரை போகலாம். தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். தர்பூசணியாவது ஓரளவு தாங்கும், முலாம்பழம் தாங்காது.

மக்னீசியத்தின் கதை வேறு. மணலில் சத்துகள் ஒட்டி நிற்க இடமே குறைவு. மண் அமிலமாகி, அந்த இடங்களையும் ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொண்டால் மக்னீசியம் மழைநீரோடு கீழே இறங்கிவிடும். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுக்கும்.

என்னை அதிகம் வியக்க வைப்பது மாலிப்டினம்தான். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்கள் அமில மண்ணில் கூடுதலாகக் கரையும்போது, இது மட்டும் இரும்பு ஆக்சைடோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. செடிக்குள் போன நைட்ரேட்டைப் புரதமாக்கும் பாதையில் முதல் நொதிக்கே மாலிப்டினம் தேவை. அது கிடைக்காவிட்டால் நைட்ரேட் இலையில் குவிந்து கிடக்கும். செடியோ தழைச்சத்து இல்லாதது போல வெளுத்து நிற்கும். அதைப் பார்த்து யூரியாவைக் கூட்டிப் போட்டால் ஆபத்து. யூரியாவிலிருந்து வரும் அமோனியத்தை மண் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளியாகி, மண்ணின் அமிலம் இன்னும் ஏறும்.

சரி, தீர்வு? சுண்ணாம்பு. மக்னீசியமும் குறைவாக இருந்தால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட். பி.எச்.சை 6-க்கு மேல் கொண்டுவந்துவிட்டால் மூன்று சிக்கலும் தணியும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், ஒரே பி.எச். இருந்தாலும் மணலுக்குக் குறைவாகவும் களிமண்ணுக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், முந்தைய இலையுதிர் காலத்திலேயே போட்டு உழுதுவிடுவது நல்லது. கொடி படர்ந்த பிறகு தெரியவந்தால் மக்னீசியத்துக்கு எப்சம் உப்பும், மாலிப்டினத்துக்குச் சோடியம் மாலிப்டேட்டும் இலைவழியாகத் தெளிக்கலாம். ஆனால் இலைக்குள் ஏறிவிட்ட மாங்கனீசை வெளியேற்ற எந்தத் தெளிப்பும் கிடையாது.