விரிசலின் அடி வந்துவிட்டதென்று பாக்டீரியாவுக்கு எப்படித் தெரியும்?

"எங்கள் கல்லூரியில் நீடித்த கட்டமைப்பு என்ற தலைப்பில் வடிவமைப்புப் போட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேரும் சிவில். சோலார் பேனல், மழைநீர்ச் சேகரிப்பு தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள் சார்" என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த மாணவர் திட்டம் ஒன்று உண்டு. 2010-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக அணி ஐஜெம் என்ற பன்னாட்டுப் போட்டிக்காகச் செய்தது. மரபணுக்களைக் கோத்து ஒரு நுண்ணுயிரைக் குறிப்பிட்ட வேலைக்குத் தயார்படுத்துவதுதான் அந்தப் போட்டி. இவர்கள் எடுத்துக்கொண்ட வேலை, கான்கிரீட் விரிசலை அடைப்பது. 'பாசில்லாஃபில்லா' என்று பெயர் வைத்தார்கள். தங்கப் பதக்கம் கிடைத்தது.

விரிசலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்? உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. இருக்கிற கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்றினாலே பெரிய மிச்சம். எங்கள் வீட்டு சன்ஷேடில் முதலில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது. சில மழைக்காலம் போனதும் அடிப்பக்கம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்திருந்தது. துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். சுவரில் விரிசல் கண்டதும் வாஸ்து பார்ப்பவரைக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்!

சரி, பாக்டீரியாவுக்கு வருவோம். மாணவர்கள் தேர்ந்தெடுத்தது பாசில்லஸ் சப்டிலிஸ். மண்ணிலும் வைக்கோலிலும் சாதாரணமாக வாழ்வது. சூழல் சரியில்லை என்றால் ஸ்போராக மாறி விதைபோல உறங்கிக் கிடக்கும். அந்த ஸ்போர்களை விரிசலில் இட்டால், கான்கிரீட்டின் காரத்தன்மை பட்டதும் முளைக்க வேண்டும். பிறகு கூட்டமாக நீந்தி உள்ளே இறங்க வேண்டும். இதுதான் திட்டம்.

இங்கேதான் ஒரு சிக்கல். வாயிலேயே வேலையைத் தொடங்கிவிட்டால் மேலே மட்டும் மூடிக்கொள்ளும், உள்ளே பொந்து அப்படியே இருக்கும். அடிக்குப் போன பிறகுதான் தொடங்க வேண்டும். கண்ணில்லாத உயிருக்கு அடி வந்துவிட்டது என்று யார் சொல்வது?

பக்கத்தில் உள்ள கூட்டம்தான் சொல்கிறது. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சமிக்ஞைப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஒரு வீட்டில் மட்டும் மீன் வறுத்தால் வாசம் அந்த வாசலோடு போய்விடும். தெரு முழுக்க வறுத்தால் எங்கே நின்றாலும் மூக்கைத் துளைக்கும். அதுபோல, பரவி நீந்தும்போது அந்தப் பொருள் கரைந்து போய்விடுகிறது. அடியில் போக வழியில்லாமல் நெருக்கியடித்து நிற்கும்போது அதன் அடர்த்தி ஏறுகிறது, ஓர் அளவைத் தாண்டியதும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இயற்கையில் பாக்டீரியாக்கள் எப்போதும் செய்வதுதான். அதை விரிசலின் ஆழம் காட்டும் கருவியாக மாற்ற நினைத்தார்களே, அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அப்புறம் கூட்டம் மூன்று வேலைகளாகப் பிரிகிறது. ஒரு பிரிவு சுண்ணாம்பு செய்யும். யூரியாவை உடைத்தால் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் வரும். அம்மோனியா நீரைக் காரமாக்க, கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டாக மாறிக் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும். பாக்டீரியாவின் மேலுறை எதிர் மின்னூட்டம் கொண்டது என்பதால் கால்சியம் அதன்மேலேயே வந்து ஒட்டும். தான் செய்த கல்லுக்குள் அது தானே அடங்கிப்போகிறது. இரண்டாவது பிரிவு பிரியாமல் நீளமாக வளர்ந்து நாராகும். மூன்றாவது, லெவான் என்ற பசையைச் சுரக்கும். கல், நார், பசை! மண்சுவருக்கு வைக்கோலும், சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த நம் கொத்தனார்களுக்கு இந்தக் கலவையை விளக்கவே வேண்டியதில்லை.

கான்கிரீட்டை விட்டு வெளியே போனால் தானே செத்துப்போகும்படி ஒரு மரபணு ஏற்பாட்டையும் வடிவமைப்பில் சேர்த்திருந்தார்கள். இவ்வளவையும் ஒரே பாக்டீரியாவில் ஒரு கோடை விடுமுறைக்குள் முடிக்க முடியாது. பகுதி பகுதியாகச் சோதித்தார்கள். இதே திசையில், மரபணு மாற்றம் இல்லாமல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் ஸ்போர்களையும் அவற்றுக்கு உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும் கான்கிரீட் கலவையிலேயே சேர்த்தார். விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கும் நாள்வரை அவை உள்ளேயே தூங்கும், 0.8 மில்லிமீட்டர் அகலம்வரை அடைத்துக் காட்டின.

நம் கல்லூரிகளில் போட்டி என்றால் அட்டையில் மாதிரி செய்து, பரிசளிப்பு விழாவோடு முடித்துவிடுகிறோம். அந்த விழாச் செலவில் ஒரு பகுதியை ஆய்வகப் பொருளுக்குக் கொடுத்தாலே பிள்ளைகள் எங்கோ போய்விடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்து பேரும் சிவில் என்று எழுதியிருந்தாய் அல்லவா அம்மா? நியூகாசில் அணியில் சிவிலோடு கணினியும் நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் படித்தவர்கள் இருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் மைக்ரோபயாலஜி துறை இருந்தால், நாளைக்கே போய் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூரியாவை உடைக்கும் பாக்டீரியா நம் மண்ணிலேயே கிடைக்கும். உடைந்த கான்கிரீட் துண்டுக்கும் உங்கள் விடுதியில் பஞ்சமிருக்காது.