அருங்காட்சியகம்: 'செத்த காலேஜ்' எப்படி வந்தது?

பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். அங்கே பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும், இங்கே உறுமுகிற புலி. சரி, செத்ததும் உயிரும் புரிகிறது. காலேஜ் ஏன்?

அந்த மியூசியம் 1851இல் தொடங்கியது கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். 1854இல்தான் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அடுத்த ஆண்டே அங்கு உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். அவை பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் போய்விட்டன. கட்டடம் மாறியும் காலேஜ் என்ற பேச்சு மட்டும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மியூசியம் என்ற சொல்லின் பழைய பொருளுக்குப் பக்கத்தில் வருவது இந்தக் கேலிப் பெயர்தான். கிரேக்கத்தில் 'மூசையான்' என்றால் மியூஸ்களின் இடம். மியூஸ்கள் ஒன்பது பேர், பாட்டு, நாடகம், வரலாறு, வானியல் என ஆளுக்கொரு கலைக்குத் தெய்வங்கள். இவர்களின் தாய் நினைவாற்றலின் தெய்வம். மியூசிக் என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தால் 'கலைமகள் கோயில்' என்று வைத்திருக்கலாம்! கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த மூசையான், அறிஞர்கள் அரசரின் செலவில் தங்கி, ஒன்றாக உண்டு, ஆராய்ந்து, வாதிட்ட இடம். பொருள்களை அடுக்கி வைக்கும் கூடம் என்ற அர்த்தம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது.

தமிழுக்கு வந்தபோது அந்தப் பிந்தைய அர்த்தம்தான் வந்தது. அருமை + காட்சி + அகம் = அருங்காட்சியகம். காண் என்ற வினையிலிருந்து காட்சி, மாண் என்பதிலிருந்து மாட்சி வருவது போல. அகம் என்றால் வீடு, உள்ளிடம். நூலகம், உணவகம், பதிப்பகம் எல்லாம் இந்த வார்ப்புதான். (பலர் 'அருங்காட்சியம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'அக'த்தை விட்டுவிட்டால் கூரையில்லாத வீடு மாதிரி.) தொல்லியல் துறை நடத்துகிற இடங்களில் 'அகழ்வைப்பகம்' என்றும் பார்க்கலாம். அகழ்ந்து எடுத்ததை வைக்கும் இடம், கச்சிதமான சொல். இலங்கையில் 'நூதனசாலை'. 1877இல் திறந்த கொழும்பு மியூசியத்தை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நூதனம் என்றால் புதுமை, விந்தை. பழையதை வைக்கும் இடத்துக்குப் புதுமைச்சாலை என்று பெயர்! வட இந்தியாவின் 'அஜாயப் கர்' என்பதும் விந்தை வீடுதான்.

காட்சி என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். நடுகல் நடுவதைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது; அந்தப் படிகள் 'காட்சி, கால்கோள், நீர்ப்படை' என்று தொடங்குகின்றன. போரில் விழுந்தவனுக்கு ஏற்ற கல்லைத் தேடிக் காண்பதுதான் அங்கே காட்சி. அப்புறம் அதை நீராட்டி, நட்டு, படையல் வைத்து, வாழ்த்துவார்கள். ஊரே கூடிச் செய்கிற காரியத்தின் முதல் படி அது. இன்று தருமபுரி அகழ்வைப்பகத்தில் அதே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது, மற்ற படிகள் போய்விட்டன.

எனக்கு இடிப்பது 'அரும்' என்ற பகுதி. எழும்பூரின் அமராவதிச் சிற்பங்களுக்கும் சோழர் செப்புத் திருமேனிகளுக்கும் அது பொருந்தும். ஓர் ஊர் தன் கதையைச் சொல்ல வைத்திருக்கும் உரி, மரக்கால் என்ற அளவைகள், ஏற்றச்சால், செக்கு ஆகியவற்றில் அரியது எது? ஒரு காலத்தில் அவை ஊருக்கு ஊர் கிடந்தவை. அவற்றுக்கு மதிப்பு வருவது, மரக்காலைப் பார்த்ததும் ஒரு பாட்டி நெல் அளந்த கதையைத் தொடங்கும்போதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டால் அந்தக் கதை வராது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா இதைப் புரிந்துகொண்ட இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காரலாம், கைவினைஞர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், பண்டிகை நாளில் கூத்தும் உண்டு. மூசையானின் பழைய அர்த்தம் சுற்றிவளைத்து இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

எழுதுகிறவர்களுக்கு: பொதுச் சொல்லாக 'அருங்காட்சியகம்' நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டாம். உள்ளே இருப்பவை காட்சிப்பொருள்கள், பொறுப்பு அதிகாரி காப்பாட்சியர். ஊர் வரலாற்றைச் சொல்லும் சின்ன இடமென்றால் 'ஊர்க் காட்சியகம்' என்று நான் எழுதுவேன். உரிக்கும் மரக்காலுக்கும் 'அரும்' வேண்டியதில்லை, பக்கத்தில் பாட்டி உட்கார ஒரு பெஞ்சு போட்டால் போதும்.